சாம்பல் பெட்டியும் சிவப்புக் கோடும்

சிவப்புக் கோடு மட்டும் போய்விட்டால் சத்தியசீலன் பெண் பார்க்கக் கிளம்பிவிடலாம். அதுவோ போக மறுத்தது.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், லூனாஸ் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் இயந்திரக் கையேடுகள் எழுதுவது அவன் வேலை. எழுதியதை வெளியில் வாங்கிய ஒரு மென்பொருள் சரிபார்க்கும். கணினி நிரலுக்கான சாம்பல் பெட்டி ஒன்றைக் காட்டி, இது எந்த நிரல்மொழி என்று அது சிவப்புக் கோடு போட்டுக் கேட்டது. பெட்டியில் இருந்தது நிரலே இல்லை. இயந்திரத் திரையில் தோன்றும், 'கதவை மூடவும், பச்சை விளக்குக்குக் காத்திருக்கவும்' என்ற அறிவிப்புதான்.

“கையேடு இன்னிக்கே போகணும். கோடு இருந்தா அனுப்ப முடியாது லா,” என்றார் மேலாளர் குணாளன்.

கெடாவில் ஞாயிறு வேலைநாள். பினாங்கில் வேலை பார்க்கும் பெண்ணுக்கோ அன்றுதான் விடுமுறை. யான் என்ற ஊரில் பெண் வீட்டுக்கு முன்னாலேயே போயிருந்த அக்கா வாணி போன் செய்தாள்.

“ராகுகாலத்துக்கு முன்ன வந்துருடா. இதுவும் போச்சுன்னா நான் இனிமே எந்த வீட்டு வாசல்லயும் போய் நிக்க மாட்டேன்.”

படத்தைப் பார்த்ததிலிருந்தே அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது.

அவசரத்தில் 'பைத்தான்' என்று ஒரு நிரல்மொழியைப் போட்டான். மென்பொருள் நம்பிவிட்டது. கதவிலும் பிழை, விளக்கிலும் பிழை என்று வரிக்கு வரி கோடு போட்டது. பெட்டியையே தூக்கினான். 'பெட்டியைக் காண்க' என்றிருந்த பக்கமெல்லாம் சிவந்தது. பெட்டியைத் திரும்ப வைத்து, மொழி என்ற இடத்தில் வீட்டுப் பூனையின் பெயரை எழுதினான். ஒழுங்காக இருந்த மற்றப் பெட்டிகளையும் அது சந்தேகப்பட ஆரம்பித்தது.

மென்பொருள்காரர்களுக்குப் புகார் எழுதினால் அந்தக் கோட்டோடு அனுப்பலாம் என்பது அப்போதுதான் குணாளனுக்கு நினைவுக்கு வந்தது. சத்தியசீலன் ஆத்திரம் தீர எழுதி, கீழே பெயரும் ஊரும் போட்டான்.

யானுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பாதி முடிந்திருந்தது. பெண்ணின் அப்பா ராமையா கடிகாரத்தைப் பார்த்தபடி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அவன் பெட்டிக் கதை முழுவதையும் சொன்னான். யாருக்கும் புரியவில்லை. வாணி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“சத்தியமா சொல்றேன் மாமா. அந்தக் கோடு போடுற விதிய எழுதுன புண்ணியவான் மட்டும் என் கையில கெடைச்சா...”

தேநீர்த் தட்டோடு வந்த பெண் ஷீலா அதை அவன் முன்னால் வைத்தாள்.

“அந்தப் புண்ணியவான் நாந்தான். அந்த மென்பொருள் எங்க ஆபீஸ்ல செஞ்சது. உங்க புகாரு மத்தியானமே என் போனுக்கு வந்துருச்சு, தப்பு என்னோடதுதான். நாளைக்கு ஆபீஸ் போனதும் திருத்திடுறேன். அப்பா, நீங்க தேதி பாருங்க.”