சாரைக்குக் கட்டிய வேப்பிலை

இனி முப்பது நாளைக்கு வெளியாள் நிழல்கூட இந்த வீட்டுக்குள் விழக் கூடாது என்று நல்லசாமி முடிவு செய்தான். முடிவு செய்தபோது காலை மணி ஏழு. ஏழரைக்குள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி நெருப்புக்கு ஒரு தடவை, உப்புக்கு ஒரு தடவை, சும்மா ஒரு தடவை என்று மூன்று தடவை வந்து போய்விட்டாள்.

யாரும் வரக் கூடாததற்குக் காரணம் அடுப்படியில் படுத்திருந்தது. ஆறடி நீளம். மாணவர்கள் வைத்த பெயர் மகாராணி. சாதி, சாரைப்பாம்பு.

நல்லசாமி கவுஞ்சி கிராமத்தின் முதல் பி.எஸ்.சி. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற குடும்பத்தில் விலங்கியல் விளைந்தது அவன் ஒருவனிடம்தான். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் உதவியாளர் வேலை, குடியிருப்பும் அங்கேயே. இரண்டு வருடமாக அந்த வேலைக்கு முன்னால் 'தற்காலிக' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

அங்கே கூண்டுகளில் மூன்று பாம்புகள் இருந்தன. யாரோ அன்பளிப்பாகக் கொண்டுவந்த நாலாவது பாம்பைத் தனியே வைத்துப் பார்க்காமல் நேரே பக்கத்தில் வைத்துவிட்டார்கள். அதன் செதில்களுக்கடியில் மிளகுத்தூள் போல உண்ணி இருந்தது. இருபது நாளில் மூன்று பாம்புகள் செத்தன. மிஞ்சியது மகாராணி.

உயிரியல் ஆசிரியர் குழந்தைவேல் சார் அவனைக் கூப்பிட்டார். "இதை உன் வீட்டுக்குக் கொண்டு போ. முப்பது நாள் தனிமை. நீயும் பள்ளிக்கூடத்துப் பக்கம் வராதே, இங்கேயிருந்து உண்ணியை அங்கே சுமந்துக்கிட்டுப் போவே. பாம்பு பிழைச்சா உன் வேலை நிரந்தரம். ஒண்ணு நினைவிருக்கட்டும். என் சோதனைச்சாலையில ரெண்டு பேருக்கு இடமில்லை. கை கழுவாதவன் ஒருத்தன், பொய் சொல்றவன் ஒருத்தன்."

நல்லசாமி அங்கேயே ஒரு தடவை கை கழுவிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

வீட்டில் அவன் மனைவி சோலையம்மாள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். ஏற்கெனவே அவள் அவனோடு சரியாகப் பேசாத நேரம் அது. வைகாசியில் அவள் பிறந்த ஊரான கிளாவரையில் மாரியம்மன் திருவிழா. கல்யாணமான மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. இரண்டு நாளுக்கு முன்னால்தான் கேட்டிருந்தாள். "லீவு கிடையாது" என்று இரண்டே சொல்லில் முடித்திருந்தான்.

"ஏங்க, கொடைக்கானல்ல எத்தனையோ பங்களா பூட்டிக் கெடக்கு. இதுக்கு என் அடுப்படிதான் கெடைச்சுதா?"

"அதுக்குச் சூடு வேணும் சோலை. இந்தக் குளிருல தின்னது செரிக்காது. செத்துப்போகும்."

"எனக்குந்தான் குளிருது. மூணு வருசமா ஒரு கம்பளி கேக்கேன்."

"உனக்கு உண்ணி வர்ற ஆபத்து இல்லையே."

"வந்தாத்தான் வாங்கித் தருவீங்களா?"

நல்லசாமி பாம்புக் குறிப்பேட்டைத் திறந்தான். விதிகளை வாசித்தான். பெட்டியில் தினமும் புதுக் காகிதம் விரிக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர்தான் வைக்க வேண்டும். பாம்பைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். வெளியாள் யாரும் நெருங்கக் கூடாது.

"சின்ன வீடு வெச்சிருக்கவனுக்குக்கூட இவ்வளவு சோலி இருக்காது" என்றாள் சோலையம்மாள்.

முதல் மூன்று நாள் அவன் உட்காரவே இல்லை. பூதக்கண்ணாடியோடு பெட்டியைச் சுற்றினான். ஒரு கரும்புள்ளி தெரிந்தால் 'உண்ணி!' என்று கத்தினான், அது கண்ணாடியில் இருந்த அழுக்கு என்று தெரியும்வரை. சோப்புப் போட்டுப் போட்டு அவன் உள்ளங்கை தோல் உரிந்தது. பாம்பு சட்டை உரிக்குமுன் இவன் உரித்துவிட்டான்.

ஆனால் ஆட்களை எப்படித் தடுப்பது? சித்திரை மாதம். கீழே வெயில் கொளுத்த, பழநியிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எல்லாரும் மலையேறி வருகிற காலம். வந்தவர்கள் கை காய வைக்க நேரே அடுப்படிக்குத்தான் போனார்கள். நல்லசாமி வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டான்: 'உள்ளே வரக் கூடாது.'

அதுவரை வராதவர்களும் வந்தார்கள்.

"என்ன தம்பி, உள்ளே அப்படி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்ல அவனால் முடியவில்லை. பொய் அவனுக்கு வராது. "இருக்குங்க. ஆனா சொல்ல முடியாதுங்க" என்றான். அன்று மாலை தெருவில் பாதி அவன் வாசலில் நின்றது.

நான்காம் நாள் மகாராணி எலியைத் தின்ன மறுத்தது. ஐந்தாம் நாள் கண் மங்கியது. சட்டை உரிக்கிற நேரம். இந்தச் சமயத்தில் ஒரு உண்ணி ஏறினால் போதும். நல்லசாமி வேலையை நினைத்தான், கவுஞ்சியை நினைத்தான், கையில் மண்வெட்டியோடு தன்னையும் நினைத்தான். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

"என்னங்க இப்படிப் புழுங்குறீங்க?" என்றாள் சோலையம்மாள். "ஆளு வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பேசாமப் படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

நல்லசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான். வேப்பிலை கட்டினால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கொடைக்கானல் குளிரில் வேப்பமரம் வளராது. அப்படியிருக்க விடியுமுன் இரண்டு கொத்து எங்கிருந்து முளைத்தது என்று கேட்டிருக்கலாம். அவன் படித்தது விலங்கியல். தாவரம் பக்கம் புத்தி போகவில்லை.

அதற்குள் தெருவிலிருந்து சின்னத்தாயியின் குரல் கேட்டது. குரல் மட்டும்தான். ஆள் பத்தடி தள்ளி நின்றாள்.

"ஏத்தா சோலை! யாருக்கு?"

"உள்ள ஒரு சீவன் முடியாமக் கெடக்கு அக்கா."

"எப்படி இருக்கு?"

"தோலு உரியப் போவுது. கண்ணு பால் பூத்தாப்புல கெடக்கு. ரெண்டு நாளா ஒரு வாயி எறங்கலை."

"அடி ஆத்தா! அதான் அன்னைக்கே 'சொல்ல முடியாது'ன்னாரு, பாவம். பச்சைத்தண்ணி குடு. அடுப்புப் பக்கம் விடாதே. சூடு ஆகாது."

நல்லசாமி பாம்புக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தான். கண் மங்கல், சரி. உணவு மறுப்பு, சரி. தோல் உரிதல், எந்நேரமும். சோலையம்மாள் சொன்னதில் ஒரு சொல்லையும் அடிக்க முடியவில்லை.

"ஊரையே ஏமாத்திட்டியே!" என்று பல்லைக் கடித்தான்.

"நான் அம்மைன்னு சொன்னேனா? வேப்பிலை கட்டுனேன். பூச்சி பொட்டு அண்டாதுல்ல, உங்க மகாராணிக்கு நல்லதுதானே. போயி அட்டையைக் கழட்டுங்க, எழுத்துப்பிழை வேற."

ஒன்று உண்மை. அன்றிலிருந்து ஒரு ஆள் படியேறவில்லை. பழநிக்காரர்கள் தெருமுனையிலேயே திரும்பினார்கள். நல்லசாமிக்கு முதல் தடவையாக மூச்சு வந்தது.

ஒரு வேளைதான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டில் தட்டில் உப்பில்லாத கம்பங்கூழ் இருந்தது.

"குழம்பு எங்கே?"

"கடுகு பொரிஞ்சா சத்தம் சின்னத்தாயி அக்கா வீட்டுக்குக் கேக்கும். அம்மை வீட்டுல தாளிப்பாங்களா?"

"எனக்குத்தான் அம்மை இல்லையே!"

"அதை வாசல்ல நின்னு சொல்லுங்க. இப்பவே நாப்பது பேரு உள்ள வருவாங்க."

கூழைக் குடித்தான். இளநீரைக் குடித்தான், கீழ்நாட்டிலிருந்து லாரியில் வந்த இளநீரைத் தெருக்காரர்கள் பாசத்தோடு படியில் வைத்துவிட்டுப் போனார்கள். தமிழ்நாட்டிலேயே குளிரான ஊர்களில் ஒன்றில் இருந்துகொண்டு, உடம்பைக் குளிர்விக்கிற பண்டமாகவே வயிற்றுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தான். சவரம் கூடாது. செருப்புக் கூடாது. அடுப்படிக்குப் போனால் சன்னல் வழியே சின்னத்தாயிக்குத் தெரியும். அதனால் கதகதப்பான அடுப்படியில் மகாராணியும் சோலையம்மாளும் இருந்தார்கள். முன்னறைத் தரையில், வேப்பிலை பரப்பிய துணிமேல், பி.எஸ்.சி. இருந்தான். காகிதம் மாற்றுவது, தண்ணீர் காய்ச்சுவது, எலி பிடிப்பது எல்லாம் சோலையம்மாள் கைக்குப் போனது. அவன் குரல் மட்டும் சுவரைத் தாண்டி அலைந்தது.

"கை கழுவுனியா?"

"கழுவியாச்சு."

"சோப்புப் போட்டா?"

"ஆமா."

"தொட்ட பிறகு?"

"இன்னொரு தடவை கேட்டீங்க, பெட்டியைத் தொறந்து அங்க விட்ருவேன்."

பத்தாம் நாள் மகாராணி சட்டையை ஒரே உருப்படியாக உரித்துப் போட்டது. சோலையம்மாள் அதைக் கழியில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். பூதக்கண்ணாடியில் ஒரு மணி நேரம் பார்த்தான். உண்ணி இல்லை. ஆனந்தத்தில் எழுந்து குதிக்கப் போனவனை வெளிக்குரல் உட்கார வைத்தது.

"சோலை! எந்த ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டே?"

"எங்க ஊரு கிளாவரை மாரியாத்தாளுக்கு அக்கா. நல்லபடியா பொழைச்சு எந்திரிச்சா, வைகாசித் திருவிழாவுல இவரைத் தீச்சட்டி எடுக்க வைக்கேன்னு வேண்டிக்கிட்டேன்."

நல்லசாமி சன்னலுக்குப் பாய்ந்து, முடியாது முடியாது என்று இரண்டு கையையும் ஆட்டினான். வேப்பிலைக்கு இடையில் பத்து நாள் தாடியோடு ஆடிய கைகளைப் பார்த்துச் சின்னத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா அவரு மேல வந்து ஒத்துக்கிட்டா பாரு!"

சின்னத்தாயி நகர்ந்ததும் நல்லசாமி சீறினான். "இது பச்சைப் பொய்!"

"எது? பாம்பு பொழைக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன். பொழைச்சிருச்சு. தீச்சட்டி எடுக்க அதுக்குக் கை இல்லையே. அதான் நீங்க."

முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு. சோலையம்மாள் ஒரு குடத்தோடு விட்டிருப்பாள். வேலிக்கு அப்பாலிருந்து சின்னத்தாயிதான் "இன்னொரு குடம்! பின்னங்கழுத்துல ஊத்து!" என்று ஏவிக்கொண்டிருந்தாள். பல் அடித்துக்கொண்டதில் நல்லசாமியால் மறுத்துப் பேச முடியவில்லை.

அன்று பிற்பகலே பெட்டியோடு பள்ளிக்கூட வாசலுக்குப் போனான். ஒரே நினைப்புதான். பாம்பைக் கொடுப்பது, உத்தரவை வாங்குவது, நாளைக்கே வேலையில் சேர்வது. வேலைக்குப் போகிறவனைத் தீச்சட்டி எடுக்க யார் இழுக்க முடியும்?

குழந்தைவேல் சார் கண்ணாடி வைத்துத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். மகாராணி எண்ணெய் தேய்த்தாற்போல் மின்னியது.

"சபாஷ்! இவ்வளவு சுத்தமா நான்கூட வெச்சதில்லை." சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். அதில் 'தற்காலிக' என்ற சொல் இல்லை. நல்லசாமி கை நீட்டினான்.

"நில். அங்கேயே நில்." அவர் இரண்டடி பின்னால் போனார். "உன் வீட்டுல அம்மையாமே?"

"சார், உண்மையில எனக்கு..."

"சரியாயிடுச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. தெருவே வேப்பிலையைப் பார்த்திருக்கு. இங்கே இருநூறு பிள்ளைகள் தங்கிப் படிக்குது. பாம்புக்கு ஒரு விதி, பிள்ளைகளுக்கு ஒரு விதியா? இன்னும் பத்து நாள் தள்ளி இரு. சம்பளம் வரும்."

நல்லசாமி வாயைத் திறந்தான். அம்மை இல்லை என்றால், இத்தனை நாள் ஏன் வேப்பிலை கட்டினாய் என்று கேட்பார். இடமில்லாத இரண்டு பேரில் இரண்டாவது ஆள் நினைவுக்கு வந்தான். வாயை மூடிக்கொண்டான். குழந்தைவேல் சார் உத்தரவைத் தரையில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு விலகினார்.

வீட்டுக்கு வந்தபோது சோலையம்மாள் துணி மூட்டை கட்டி முடித்திருந்தாள்.

"எத்தனை நாளுங்க?"

"பத்து."

"ஒன்பதாம் நாள் தீச்சட்டி. போதும்" என்றாள்.

கிளாவரைக்குப் பாதி வழி ஜீப், மீதி நடை. ஒன்பதாம் நாள் மாலை, மஞ்சள் வேட்டி கட்டி, ஊரே குலவையிட, நல்லசாமி தீச்சட்டி ஏந்தினான். நாற்பது நாளில் அவன் கைக்குக் கிடைத்த முதல் சூடு அது. கோயிலை மூன்று சுற்று சுற்றினான். பயந்த அளவு கஷ்டமில்லை என்பதைச் சோலையம்மாளிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

கோயில் முன்னால் வேப்பிலைத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. கீழ்நாட்டிலிருந்து லாரியில் வருவித்தது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அப்போதுதான் பி.எஸ்.சி.க்குத் தாவரம் பக்கம் புத்தி போனது.

"சோலை, அன்னைக்கு வாசல்ல கட்டினியே, அந்த வேப்பிலை எங்கேயிருந்து வந்துச்சு?"

"நம்ம திருமலைச்சாமி அண்ணன் பூண்டு ஏத்திக்கிட்டு வத்தலக்குண்டு போறாருல்ல, அவருக்கிட்டச் சொல்லி வெச்சேன். கொண்டாந்து குடுத்தாரு. ஈரச்சாக்குல சுத்தி வெச்சிருந்தேன்."

"எப்பச் சொன்னே?"

"லீவு கெடையாதுன்னீங்களே, அன்னைக்குச் சாயங்காலம்."

நல்லசாமி விரல் விட்டு எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"அன்னைக்குப் பாம்பே வீட்டுக்கு வரலையே! அப்ப யாருக்காகக் கட்டுறதா இருந்தே?"

சோலையம்மாள் அவன் நெற்றித் திருநீற்றைச் சரிசெய்தாள்.

"அப்ப வீட்டுல இருந்தது நீங்க ஒருத்தருதானேங்க."