நாலு விரல் குறைந்த பிள்ளை

பயந்துபோனவளுக்கு எதிரே இருப்பது தெரியாது, இல்லாததெல்லாம் நன்றாகத் தெரியும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போனதே கொஞ்ச காலம்தான். என் மகள் தர்ஷினியின் ஐந்தாவது பிறந்தநாளில், கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில், அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

தர்ஷினி எனக்கு நாற்பத்தாறு வயதில் பிறந்தவள். அவளுக்கு முன்னால் இரண்டு, வயிற்றில் தங்காமலே போய்விட்டன. இவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனால், "பேத்தியா ஆன்டி?" என்று கேட்பார்கள். "மக" என்று சத்தமாகச் சொல்வேன். (கேட்ட வாய் அப்புறம் திறக்காது.) பெருமைக்குக் குறைச்சல் இல்லை, பயத்துக்கும் குறைச்சல் இல்லை. தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். மற்ற வீடுகளில் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதுவார்கள். நானோ, பிள்ளை இந்த வருஷம் ஒழுங்காக வளர்ந்திருக்கிறாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வளர்ச்சியைப் பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. ஹாலில் எங்கள் இரும்பு அலமாரி நிற்கும். ஒவ்வொரு பிறந்தநாளும் அதன் பக்கத்தில் பிள்ளையை ஒட்டி நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து, சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு போடுவேன். தேதி, வயது ஒன்றும் எழுத மாட்டேன். (கோட்டுக்கு எதற்கு எழுத்து? ஏணி மாதிரி மேலே போனால் போதாதா?)

நாலாவது கோடு போட்ட பிறகு வந்த மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்புத் தாமானுக்குள் வெள்ளம் வந்தது. வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தெருவே பக்கத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தது. வீடு திரும்பியதும் நான் போட்ட முதல் உத்தரவு, அலமாரிக்குக் கீழே செங்கல் வைக்க வேண்டும் என்பதுதான். என் வீட்டுக்காரர் மூலைக்கு இரண்டாக அடுக்கி அதைத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் என் கோடுகளைத் தொடவே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று முதல் அந்த அலமாரிக்கு அடியில் தினமும் துடைப்பத்தை விட்டுப் பெருக்கியவளும் நான்தான். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

ஐந்தாவது பிறந்தநாள் சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள். மீஹூன் இருந்தது, கேசரி இருந்தது, ரோஸ் நிறத்தில் பெரிய கேக் இருந்தது. கேக் வெட்டுவதற்கு முன்னால் எல்லார் எதிரிலும் பிள்ளையை அளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. (பெருமைதான், வேறென்ன?)

நிறுத்தினேன். ஸ்கேலை வைத்தேன். போன வருஷக் கோடு ஸ்கேலுக்கு மேலே இருந்தது.

நேராக நில் என்றேன். நேராகத்தான் நின்றாள். செருப்பைக்கூட மாட்டிப் பார்த்தேன். அப்படியும் எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு விரலை வைத்துப் பார்த்தேன். நாலு விரல் குறைந்திருந்தாள்.

வளராத பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சிறுத்துப்போகும் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. வருஷத்துக்கு நாலு விரல் என்றால், கல்யாண வயதில் இவளைக் கைப்பைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். (சிரிக்காதீர்கள், அன்றைக்கு இதை நான் உண்மையாகவே நினைத்தேன்.) போன வருஷச் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டதால்தான் புதுச்சட்டையே வாங்கினோம். அது என் புத்தியில் ஏறவில்லை. முதல் இரண்டையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்ட சாமி, இவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறதோ என்ற ஒரே நினைப்புத்தான்.

அப்போதுதான் மண்டபம் ஞாபகம் வந்தது. படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் பிள்ளை வளராது. தாண்டியவரே திரும்பத் தாண்டினால் தோஷம் போய்விடும். எங்கள் ஆட்களில் இது தெரியாதவர்கள் யார்? மண்டபத்தில் படுத்துக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் இப்போது என் ஹாலில் மீஹூன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"மண்டபத்துல எம்புள்ளயத் தாண்டுனது யாரு?" என்று கேட்டேன்.

முதலில் தலை குனிந்தவர் என் வீட்டுக்காரர்.

"குடிக்கத் தே ஓ வாங்கப் போறப்ப ஒரு தடவ தாண்டியிருப்பேன், சரசு."

எதிர்வீட்டு ஆறுமுகம் அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். "இருட்டுல எது தல, எது காலுன்னே தெரியல தங்கச்சி. டாய்லெட்டுக்குப் போற வழியே அதுதான்லா."

கதவைச் சாத்தினேன். பாயை விரித்து, ஜிகினாச் சட்டையோடு பிள்ளையைப் படுக்க வைத்தேன். கேக் எப்போது என்று கேட்டாள். கண்ணை மூடிக்கொள் என்றேன். எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி தாண்டினார். அடுத்த வீட்டு மலாய்க்கார அக்கா காக் சைத்தோனுக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் செய்கிறார்களே என்று பாஜு குரோங் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போலே லா" (முடியுமாம்) என்று சொல்லிச் சிரித்தபடி தாண்டினார்.

கடைசியில் ஆறுமுகம் அண்ணன். ஆள் லோரி மாதிரி, முட்டி வலி வேறு. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். மறுகால் வரவில்லை. என் பிள்ளைக்கு மேலே அந்த மலை அப்படியே ஆடியது. நாலு விரல், தோஷம் எல்லாம் எனக்கு மறந்துபோனது. பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அவர் விழாமல் இருக்க அலமாரியைப் பிடித்தார். அலமாரி முனகியது, செங்கலிலிருந்து வழுக்கியது, வீடே அதிரத் தரையில் இறங்கிச் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் மேலிருந்த பழைய பெட்டி நேராகக் கேக்கின் மேல் விழுந்தது.

பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவள் என் கையிலிருந்து நழுவிப் போய், தானாகவே அலமாரியை ஒட்டி நின்றாள். தலை, கோட்டுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது.

"அம்மா, வளந்துட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறுமுகம் அண்ணன் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தான் தாண்டியதில்தான் சரியானது என்றார். நானும் நம்பினேன். நசுங்கிய கேக்கில் முதல் துண்டை அவருக்குத்தான் கொடுத்தேன்.

அவர் அதைத் தின்று முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் குனிந்து, உடைந்த செங்கல் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். செங்கலைப் பார்த்தேன். அலமாரியைப் பார்த்தேன். மறுபடியும் செங்கலைப் பார்த்தேன். அப்புறம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தர்ஷினிக்கு இப்போது பதினான்கு வயது. நான் எதற்காவது பதறினால், "செங்கல பாத்தியாம்மா?" என்கிறாள். தாமானில் யார் பிள்ளையாவது குள்ளமாக இருந்தால், ஆறுமுகம் அண்ணனை வந்து தாண்டச் சொல்லுங்கள் என்று கிண்டல் செய்கிறார்கள். காக் சைத்தோன் மட்டும், தமிழர்கள் கேக் வெட்டுவதற்கு முன்னால் பிள்ளையைத் தாண்டுவது வழக்கம் என்று இன்றைக்கும் நம்புகிறார். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அலமாரி திரும்பச் செங்கல் ஏறவே இல்லை. கோடுகள் மட்டும் ஏறிக்கொண்டே போகின்றன. இந்த வருஷம் அவள் தலைமேல் ஸ்கேல் நேராக இருக்கிறதா என்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன், கண் எட்டவில்லை. பின்னால் நின்ற வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஏறி நிக்கச் செங்கல் ரெண்டு எடுத்துட்டு வரட்டா, சரசு?"

வேண்டாம் என்றேன். வேண்டித்தான் இருந்தது.