விஜயதசமியன்று வந்த ஜோடிகள்

கணினித் திரையில் பூஜ்யம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. மணி பத்தரை. பன்னிரண்டுக்குள் வழிகாட்டிப் பேராசிரியருக்கு முடிவை அனுப்பாவிட்டால் அறிவுச்செல்வியின் ஆறு வருட ஆராய்ச்சிக்கு இன்றே மூடுவிழா. விஜயதசமி விடுமுறையிலும் நாமக்கல் கல்லூரி ஆய்வகத்தில் அவள் தனியாக அல்லாடியது அதனால்தான்.

பேராசை ஒன்றுமில்லை. பாதி அரிசி அளவில் ஒரு குறைக்கடத்திச் சில்லு. கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி அதற்குள் போனால், பின்னிப்பிணைந்த ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், இரண்டிரண்டாக வெளியே வர வேண்டும். வந்தால் இரு பக்கத்து உணர்கருவிகளும் ஒரே கணத்தில் துடிக்கும். திரை ஒரு ஜோடி என்று எண்ணிக்கொள்ளும். போன வாரம் நாலைந்தாவது எட்டிப் பார்த்தன. இன்று அதுவும் இல்லை.

நேற்று ஆயுத பூஜையில் உதவியாளர் குழந்தைவேல் கருவிக்குக் கருவி சந்தனப் பொட்டு வைத்திருந்தார். லென்ஸையும் விடவில்லை. "இதுதானா வினை!" என்று துடைத்தாள். துடைத்த வேகத்தில் லென்ஸ் இடம் மாறியது. அதை நேராக்கவே அரை மணி போயிற்று.

பூஜ்யம்.

வெளி வெளிச்சம் புகுந்து கெடுக்கிறதோ என்று ஜன்னலுக்கு லாரித் தார்ப்பாயைக் கட்டினாள். இருட்டில் மேசையில் மோதி முழங்கால் வீங்கியது. கைப்பேசி அலறியது. வழிகாட்டி பூபதி சார்.

"என்னம்மா, ஏதாச்சும் வந்துதா?"

"வந்துட்டே இருக்குதுங்க சார்."

வந்துகொண்டிருந்தது அழுகைதான்.

கடைசி முயற்சியாக, உணர்கருவிகளின் கூர்மையை முழுக்க ஏற்றினாள். இப்போது இரண்டும் கண்டபடி துடித்தன. ஆனால் கோர்ட்டுக்குப் போன பங்காளிகளைப் போல ஒன்றாக மட்டும் துடிக்க மறுத்தன.

பதினொன்றே முக்கால். பக்கத்து லாரி பாடி கட்டும் பட்டறையில் பூசணிக்காய் உடைத்து வேலையைத் தொடங்கினார்கள். வெல்டிங் பொறி சடசடத்தது; சடசடப்புக்குச் சடசடப்பு ஆய்வகத்து மின்விசிறியும் கூடவே விக்கியது. "இவங்க வேற!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பியவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஒன்று. ஏழு. அறுபது. முந்நூறு!

உடனே சாருக்கு அனுப்பினாள். மறு நிமிடமே பூபதி சார் கூப்பிட்டார்.

"முந்நூறா! சாதிச்சுட்டியேம்மா! எனக்குத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் அனுப்பிட்டேன். ஜப்பானுக்கும் போயிருச்சு."

ஆறு வருடக் களைப்பும் ஒரேயடியாக இறங்க, அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு கற்பூரத் தட்டோடு குழந்தைவேல் வந்தார்.

"ஏனுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா அழுவறீங்க? இந்தாங்க, பொரி எடுத்துக்குங்க."

"ஜெயிச்சுட்டேங்கண்ணா!"

"ரொம்ப சந்தோசமுங்க. பூசை போட்டா மெசினுக்கும் ஒரு நாள் ஓய்வு குடுக்கோணுமில்லீங்களா, அதான் அந்த லேசரோட பிளக்கை நேத்தே பின்னாடி புடுங்கி உட்டுட்டனுங்க. இப்பத்தான் மறுபூசை ஆச்சு, சொருகிரட்டுங்களா?"