விலாசத்துக்கு ஒரு விலாசம்

தேத்தண்ணிக்கடை நானா இருந்தார். பழக்கடை சோமா அக்கா இருந்தார். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த தர்ஷினி என்ற பிள்ளை, கையில் போனோடு இருந்தாள். சாவி வெட்டுகிற நான் இருந்தேன். நடுவில் விலாசம் இருந்தார். அவருக்காகத்தான் சண்டை.

கண்டிப் பக்கத்தில் அவரைவிட அதிக விலாசம் உள்ள மனிதர் கிடையாது. வீடு மட்டும்தான் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் எங்கள் கடை வரிசையில்தான் படுப்பார். அவருடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. எல்லாரும் விலாசம் என்போம்.

ஒரு தடவை பொலிஸ்காரர் பிடித்து எந்த ஊர் என்று கேட்டார்.

"தெல்தெனிய சேர். பழைய டவுன்."

"அது அணை கட்டினப்ப தண்ணிக்குள்ள போயிருச்சே!"

"ஆமா சேர். அவசரத்துல பூட்டாம வந்துட்டேன்."

ஒரு பஸ் கண்டக்டர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். விலாசத்திடம் விலாசம் கேட்டார். கடுகண்ணாவையில் ரோட்டுக்காகக் குடைந்த பாறைக்கு அடுத்த வீடு என்றார் இவர். கண்டக்டர் கார்டோடு போய்ப் பார்த்தார். பாறை இருந்தது. அடுத்து இன்னொரு பாறை இருந்தது. கார்டை அங்கே வைத்துவிட்டு வந்தார். விலாசம் கல்யாணத்துக்குப் போனார். "கார்டு கெடச்சிச்சு" என்றாராம்.

பிறகு கண்ணில் புரை விழுந்தது. இரண்டு கண்ணும். தபால் பெட்டியைப் பொலிஸ் என்று நினைத்து சலாம் வைத்தார். பெட்டி பதில் சொல்லவில்லை என்று கோபப்பட்டார். கண்டிக்குப் போகிற பஸ் என்று மணல் லொறியில் ஏறி உட்கார்ந்தார். அது வரைக்கும் நாங்கள் சிரித்தோம். ஒரு நாள் பாலத்தின் நடுவில், வருகிற பஸ்ஸை நோக்கி நடந்தார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வெட்டலாம் என்றார்கள். உள்ளே வைக்கிற லென்ஸ் இலவசமாகக் கிடைக்க, கிராம சேவகர் கடிதம் வேண்டும். கிராம சேவகருக்கு ஒரு விலாசம் வேண்டும். ஒன்றுதான் வேண்டும். அவரிடம் ஒன்று மட்டும் இல்லை.

அப்போதுதான் தர்ஷினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பொறுமையாகச் சொன்னாள்.

"ஐயா, உங்கட விபரம் ஒரு அரசாங்கக் கந்தோரிலயும் பூட்டி இருக்காது. கனபேரின்ர போனில பிரிஞ்சு இருக்கும். ஒருத்தர் அழிச்சாலும் மற்றவையிட்ட இருக்கும். உங்களைத் தெரிஞ்ச மூண்டு பேர் 'தெரியும்' எண்டு அழுத்தினாக் காணும்."

"அப்ப நான் இப்ப இருக்கிற மாதிரியேதாம்மா" என்றார் விலாசம். "சட்ட நானா கடையில இருக்கு. சீப்பு சோமா அக்காகிட்ட. பல்லு செட்டு சாவிக்காரண்ணன்கிட்ட."

உண்மைதான். டப்பாவில் இருந்தது.

அவள் ஒரு பழைய போனையும், புள்ளி புள்ளியாய் அச்சடித்த ஒரு அட்டையையும் கொடுத்தாள். "இதுதான் உங்கட சாவி. ஒருத்தரிட்டயும் குடுக்கக்கூடாது." சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனாள். விலாசம் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதுல ரெண்டு வெட்டுங்க. நானாவுக்கு ஒண்ணு, சோமா அக்காவுக்கு ஒண்ணு."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பல் இல்லை. "வெட்ட முடியாது" என்றேன். தர்ஷினி ஓடி வந்தாள்.

"ஐயோ! சாவியைப் பத்திரமா வச்சிருக்கோணும் ஐயா!"

"வீடே இல்லாதவன் சாவிய மட்டும் வச்சு என்னம்மா செய்யிறது?"

தர்ஷினி அட்டையை அவர் பையில் வைத்துத் தைத்துவிட்டாள்.

அடுத்து சாட்சி. நானா அழுத்தினார், சோமா அக்கா அழுத்தினார், நான் அழுத்தினேன். போன் சிவப்பாகிவிட்டது. ஆள் எங்கே இருக்கிறார் என்ற இடத்தில் நானா தன் கடையைப் போட்டிருந்தார். சோமா அக்கா தன் கடையைப் போட்டிருந்தார். நான் தெல்தெனிய என்று போட்டிருந்தேன். அவர் சொன்னதைத்தான் போட்டேன்.

"கனபேர் ஒரே விலாசம் சொன்னாத்தான் அது ஏற்கும்" என்றாள் தர்ஷினி.

அங்கேதான் சண்டை பிடித்தது.

"எங்கட கடப் பின்னால தானே ஈக்கிறார்" என்றார் நானா. "மழைக்கி நான் தானே தகரம் போட்டுக் குடுத்த?"

"அனே நானா, பொய் சொல்ல வேணாம்" என்றார் சோமா அக்கா. "மழை வந்தா நம்ம கடை உள்ள தான் வாறது. உங்க தகரம் ஒழுகுறது தானே!"

"என்ட தகரமா ஒழுகுற?"

"ரெண்டும் ஒழுகுது" என்றார் விலாசம். "சண்ட புடிக்காதீங்க."

என் பெட்டிக்கடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "என் கடையைப் போடு" என்றேன். அது இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. அதனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

"கதவு நம்பர் போடுங்கம்மா" என்றார் விலாசம். என் கடைக்குக் கதவே இல்லை, பலகைதான். பலகை என்று போட்டாள். போன் பச்சையானது.

மூன்று பேரோடு நின்றிருக்கலாம். நானா விடவில்லை. தேத்தண்ணி குடிக்க வந்த ஆட்களையெல்லாம் அழுத்த வைத்தார். சோமா அக்கா அழுத்தாதவர்களுக்குப் பப்பாசி நிறுக்கவில்லை. கண்டக்டரும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து அழுத்தினார். பாறைக்கு அடுத்த வீடு என்று போடப் பார்த்தார். கையைப் பிடித்துத் தடுத்தோம்.

தர்ஷினி போனைக் கிராம சேவகரிடம் கொண்டுபோனாள். அவர் பேர்களைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதில எங்கட வீட்டு நோனா பேரும் இருக்கே!" என்றார். அவர் மனைவி அந்த வாரம் பப்பாசி வாங்கியிருந்தார். கடிதம் கிடைத்தது.

கண் வெட்டி, கட்டு அவிழ்த்து, விலாசம் வந்தார். என்னை உற்றுப் பார்த்தார். "அண்ணே, நீங்க இவ்வளவு கிழவனா?" என்றார். நான் வேலையைப் பார்த்தேன்.

"என்னயத் தெரியும்னு எத்தன பேருண்ணே சொன்னாங்க?"

அவர் போனை டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தேன். நீங்களே படியுங்கள் என்றேன். கண்ணைச் சுருக்கவில்லை. கிட்டப் பிடிக்கவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படித்தார்.

"அறுபத்திரெண்டு."