ஏழாமவன் ஃபவுல் பெற்ற படலம்

வாழ்க ஏழாமவன்! விடுதிச் சலவைக்கூடத்தின் வெண்துகில்களை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்கும் கைத்திறத்தோன், அகன்ற தோளன், ஆறாப் பசியன், முதுகில் ஏழு என்னும் எண்ணைச் சுமந்து சனிக்கிழமைதோறும் கூடைப்பந்துக் களம் புகும் வீரன், முப்பத்தொரு வயது நிரம்பியும் தன் கணக்கில் ஒரே ஒரு குற்றம்கூடப் பதிவாகாத பெருந்துயரை நெஞ்சில் தாங்கியவன், வாழ்க! அவன் புகழைப் பாட ஆயிரம் நா வேண்டும். நமக்கு இருப்பது ஒன்றுதான். அதுவும் சற்று நீளம்.

அவன் படையின் அமைப்பைக் கேளுங்கள். களத்தில் ஐவர். எதையும் கற்றுக்கொள்ள மற்றவரைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படுவோர் மூவர்; அப்படித் தேவைப்படுவதை ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதோர் இருவர். முன்னவரை அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள் என்று படிவங்கள் சொல்லும். பின்னவரைப் பற்றிப் படிவங்கள் வாய் திறப்பதில்லை. இரு சாராரும் கலந்தே ஆட வேண்டும் என்பது அந்தப் போட்டித் தொடரின் விதி. நம் ஏழாமவன் மூவருள் முதல்வன். இருவருள் ஒருத்தி மருத்துவமனை நர்ஸ். எதிரியின் விலாவில் முழங்கை பதிக்காமல் களம் விட்டு மீண்டறியாத மறத்தி.

களத்தோரம் ஒரு மேசை. அதில் ஆட்டத்தாளும் பேனாவுமாக வீற்றிருப்பவள் ஏழாமவனின் அக்கா. தாளில் ஒவ்வொருவர் எண்ணுக்கும் நேரே ஐந்து கட்டங்கள். ஒருவர் ஃபவுல் செய்து நடுவர் விசில் ஊதினால் ஒரு கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. நர்ஸின் வரிசையில் குறிகள் நெருக்கியடித்து நின்றன. ஏழாமவனின் வரிசையோ பதினோரு ஆட்டங்களாக வெறிச்சென்று கிடந்தது. ஃபவுல் செய்தவர் ஒரு கையை உயர்த்தி, நான்தான் என்று ஒப்புக்கொள்வார் அல்லவா, அந்தக் கையுயர்த்தலின் மீது அவனுக்குத் தீராக் காதல். குளியலறைக் கண்ணாடி முன் நின்று நாள்தோறும் பழகினான். உயர்த்தத்தான் வேளை வரவில்லை.

காரணம் நடுவர். அவர் பல் மருத்துவர். முப்பது ஆண்டுகளாக 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிச் சொல்லியே கனிந்து குழைந்த நெஞ்சினர். மற்றவர் தவறினால் உடனே ஊதும் அவர், ஏழாமவன் தவறும்போது மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பரவால்ல தம்பி, பரவால்ல!" என்னும் அஸ்திரத்தை ஏவுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். போன வாரம் அவன் பந்தை ஒருமுறைகூடத் தரையில் தட்டாமல், கைக்குழந்தையைப்போல் அணைத்தபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தே போனபோது, கைதட்டல் கூரையைப் பிளந்தது. அன்று வீடு திரும்பியவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம் முறையிட்டான்.

"எல்லாரும் கை தட்டுறாங்கக்கா. யாரும் ஊத மாட்டேங்கிறாங்க."

சலவைக்கூடத்தில் அப்படியில்லை. மடிப்புக் கோணினால், யாருடையது என்று பாராமல் மேற்பார்வை அம்மா துண்டைத் திருப்பி எறிவார். ஒருமுறை அது அவன் முகத்திலேயே வந்து விழுந்தது. ஆகவே அங்கே தானும் ஒரு வேலையாள் என்பதில் அவனுக்கு ஐயமில்லை. களத்தில் தான் யார் என்பதுதான் விளங்கவில்லை. அது அவனுக்கு வலித்தது. பல் மருத்துவர் என்ன சொன்னாலும் வலித்தது.

விடிந்தது ஆண்டின் கடைசி ஆட்டநாள். எதிர்நின்றது நூலகத்தார் படை. ஷூ நாடாவை இரட்டை முடிச்சிட்டு இறுக்கிய ஏழாமவன், "இன்னைக்கு ஊத வைக்காம வர மாட்டேன்" என்று சூளுரைத்தான்.

முதற்போரில், பந்தோடு நடந்தான். நடந்தவன் வழியில் நின்று தண்ணீரும் குடித்தான். "பரவால்ல தம்பி!" இரண்டாம் போரில், எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் முன்வரிசைப் பார்வையாளர் இருவரிடம் நலம் விசாரித்துவிட்டு, அதே பந்தோடு மீண்டான். "பரவால்ல, பரவால்ல!" மூன்றாம் போரில், யாரையும் நோகச்செய்ய மனம் வராத அம்மாவீரன், நூலகத்தாரின் நெட்டை என்பவனின் சட்டை நுனியை மெல்லப் பற்றினான். பற்றிய விரல்கள் தொழிற்பழக்கத்தால் அதைத் தாமே மடிக்கத் தொடங்கின.

"விடுடா! இது சட்டை, துண்டு இல்ல!" என்றான் நெட்டை.

இந்த நெட்டையும் எதிரணி மூவருள் ஒருவன்; நூலகத்துக்குத் திரும்பிவரும் புத்தகங்களை எண்வாரியாக அடுக்குபவன், ஒன்று இடம் மாறினாலும் அன்று சாப்பாடு இறங்காதவன். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே "அவன் நடக்குறான் சார்! கோட்டத் தாண்டிட்டான் சார்!" என்று கத்திக்கொண்டிருந்தான். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

ஆட்டம் முடிய நான்கு விநாடி. ஏழாமவன் அணி இருபத்திரண்டு, நூலகம் இருபத்தொன்று. அப்போது பந்து நெட்டையின் கைக்கு வர, அவன் வளையத்தை நோக்கி எழும்பினான். கண்டான் ஏழாமவன். சூளுரை மறந்தது, கண்ணாடி மறந்தது, விசில் மறந்தது. இந்தப் பந்து உள்ளே போகக்கூடாது என்ற ஒன்றைத் தவிர உலகில் எதுவும் இல்லாதவனாய், குன்று பெயர்ந்து உருண்டாற்போல் பாய்ந்து ஓங்கிய கையை வீச, அது பந்தைத் தப்பி நெட்டையின் முழங்கையில் சடாரென்று இறங்கியது. பந்து எங்கோ போய் விழுந்தது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"பரவா..."

"என்ன பரவால்ல?" நெட்டை இடிபோல் முழங்கினான். "என் கைய அடிச்சான் சார்! எனக்கு ரெண்டு ஷாட் வரணும்! அவனுக்கு நீங்க பாவம் பாத்தா எனக்கு யாரு பாக்குறது?"

"ஆமா சார்," என்றான் ஏழாமவன், மூச்சு வாங்க. "அடிச்சேன். நல்லாவே அடிச்சேன்."

தோளோடு தோள் நின்ற அவ்விருவரையும் நடுவர் மாறி மாறிப் பார்த்தார். பதினோரு வாரமாக ஒருவனுக்குக் காட்டிய இரக்கத்தை இன்னொருவனிடமிருந்து பிடுங்கியல்லவா கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காது மடல் சிவந்தது. விசிலை மீண்டும் வாயில் வைத்து, கன்னம் புடைக்க, நீளமாக, ஈவிரக்கமில்லாமல் ஊதினார்.

"ஃபவுல்! ஏழாம் நம்பர்!"

ஆகா, அந்த ஓசையை என்னென்பது! வெற்றிமுரசே வெட்கித் தலைகுனியும் அவ்விசில் கேட்டு, கண்ணாடி முன் கண்ட கனவெல்லாம் தோளில் திரள, வியர்வை வழியும் தன் வலக்கையை ஏழாமவன் மெல்ல, மிக மெல்ல, கூரையைத் தொடுவான்போல் உயர்த்தி நின்றான். இறக்க மறந்தே நின்றான். மேசையில் அக்காவின் பேனா வெறுங்கட்டத்தில் ஒரு பெருக்கல் குறியை அழுத்திப் போட்டது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தடுப்பாரின்றி எறியக் கிடைத்த, தலா ஒரு புள்ளியான இரண்டு ஷாட்டையும் நெட்டை பிசகாமல் உள்ளே போட்டான், இருபத்துமூன்றுக்கு இருபத்திரண்டு, கோப்பை நூலகத்துக்குப் போயிற்று. வென்ற படை துள்ள, தோற்ற படை துவள, அரங்கமே அதிர, நர்ஸாகிய மறத்தி கண்ணில் கனல் பறக்க ஏழாமவனை நோக்கி வர, அவனோ உயர்த்திய கையோடு, முகமெல்லாம் பல்லாக, ஏழுலகும் வென்ற பெருவேந்தனாய் விளங்கினான்.

வீடு போய்ச் சேரும்வரை வண்டியில் எல்லாரும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்கள்.