டேப்லெட்டா, கம்ப்யூட்டரா: ஒரு சுருதிப் பிரச்சினை

இந்த வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டில் பாட்டு ரெக்கார்டு பண்ண டேப்லெட் வாங்குவதா, கம்ப்யூட்டர் வாங்குவதா என்று முடிவு செய்து, ஏதாவது ஒன்றை வாங்கி வர வேண்டும்.

காரணம் முத்துப்பாண்டி அண்ணன். நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் எங்கள் முருகன் கோயில் கமிட்டிச் செயலாளர். நானே எழுதி மெட்டுப் போட்ட காவடிப் பாட்டை அவரிடம் பாடிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெக்கார்டு பண்ணிக் குடுத்துரு. சனிக்கிழமை காவடி கிளம்பறப்ப ஸ்பீக்கர்ல போட்டுருவோம். வரலைன்னா வழக்கமா போடற பாட்டுதான், வருத்தப்படக் கூடாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பாட்டை மனிதர்கள் கேட்கப் போகிறார்கள்! இதுவரை கேட்டது கம்பெனியில் இருக்கும் ஏர் கம்ப்ரஸர் மட்டும். ராத்திரி ஷிஃப்டில் அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். குரு கிடையாது. அதன் பக்கத்தில் நின்றுதான் பாடப் பழகினேன். கம்ப்ரஸர் கைதட்டாது. ஆனால் பாதியில் எழுந்தும் போகாது. என் வயதில் அது பெரிய மரியாதை.

யூடியூபில் தேடினேன். பாதிப் பேர் டேப்லெட் என்றார்கள், பாதிப் பேர் கம்ப்யூட்டர் என்றார்கள். எல்லாருமே நன்றாகப் பாடினார்கள். அது வேறு வருத்தம்.

ஷிஃப்ட் முடிந்து, தூங்காமல், மனைவி விஜயாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஔந்தில் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். தனியாகப் போயிருக்கலாம். "தனியாப் போனா நீங்க ரெண்டையும் பாத்துட்டு ஒரு டார்ச் லைட்டு வாங்கிட்டு வருவீங்க" என்று அவளே வந்துவிட்டாள்.

கடையில் ஓம்கார் என்ற பையன் ஒரு லேப்டாப்பில் மைக்கைச் செருகி, ஹெட்போனை என் தலையில் மாட்டினான்.

"வேலவா" என்றேன்.

கொஞ்சம் பொறுத்து, காதுக்குள் யாரோ "வேலவா" என்றார்.

பஜனை கேட்டுப் பழகியவன் நான். முன்னால் ஒருத்தர் பாடினால் பின்னால் நாலு பேர் வாங்கிப் பாடுவார்கள். சரி, பின்பாட்டு முடியட்டும் என்று நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். நான் ஆரம்பித்தேன். அவரும் ஆரம்பித்தார். பரவாயில்லை, பாவம், நன்றாகத்தான் வாங்குகிறார் என்று தலையாட்டினேன்.

"ஏங்க, அது நீங்கதான்" என்றாள் விஜயா. "குரல் லேட்டா வருதாம். அந்தப் பையன் சொல்றான்."

"செட்டிங் ஸே டீக் ஹோ ஜாயேகா, அங்கிள்" என்றான் ஓம்கார். செட்டிங்கை மாற்றினால் சரியாகிவிடுமாம். செட்டிங் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் வந்தது.

அடுத்து அவனே உண்மையையும் சொன்னான். கம்ப்யூட்டருக்குள் ஃபேன் ஓடும், அந்தச் சத்தம் ரெக்கார்டிங்கில் விழும். டேப்லெட்டில் ஃபேனே கிடையாது. "ஏக்தம் ஷாந்தி!" ஒரே அமைதியாம்.

ஷாந்தி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? டேப்லெட்டை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் டேப்லெட்டுக்கு ஒரே ஒரு ஓட்டை. மைக்கைச் செருகினால் சார்ஜர் இல்லை. சார்ஜரைச் செருகினால் மைக் இல்லை. சரி, சார்ஜ் ஏற்றிவிட்டுப் பாடலாம். பாட ஆரம்பித்தால் தெருவில் குப்பை வண்டி தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. அது போனதும் மேல் மாடியில் டிரில்லிங். ஜன்னலை எல்லாம் சாத்தி, குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, இந்த வெயிலில், உள்ளே உட்கார்ந்து பாடினேன்.

வெளியே வந்ததும் விஜயா மோர் கொடுத்தாள். இருவரும் கேட்டோம்.

குரல் தெளிவு. சத்தமே இல்லை. சுருதியும் இல்லை.

"பல்லவி நிக்டில ஆரம்பிச்சு, சரணம் வானவடிக்குப் போயிருச்சே" என்றாள். ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம் அது.

மறுபடி பாடினேன். மறுபடி வானவடி.

போனில் சுருதிப் பெட்டி போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டை வைத்தால் நான் மேலே போகிறேன். ஒன்றரைக் கட்டை வைத்தால் கீழே தொங்குகிறேன். எங்கள் கம்ப்ரஸர் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் இடத்தில் உறுமும். இத்தனை வருஷமாக என் தொண்டை அங்கேயே குடியிருந்திருக்கிறது! உலகத்தில் எந்தப் பெட்டியிலும் அந்தக் கட்டை இல்லை.

புதன்கிழமை விஜயாதான் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, ஃப்ரிட்ஜ் ஓடறப்ப ஒழுங்காப் பாடறீங்க. அது நின்னா வழுக்கறீங்க."

டேப்லெட்டைச் சமையலறைக்கு மாற்றினேன். பல்லவி பிரமாதம். அனுபல்லவி பிரமாதம். சரணத்தில் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. நிற்காமல் ஓட வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். திறந்து வைத்தேன். மாலைக்குள் தோசை மாவு பொங்கித் தட்டில் வழிந்தது. பால் திரிந்தது. பாட்டு மட்டும் முடியவில்லை, ஏனென்றால் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

விஜயா மாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குக் கடைக்குப் போறோம். அங்க கம்ப்யூட்டர் ஒண்ணு உம்முனு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சே."

வியாழக்கிழமை. ஓம்காரிடம் டேப்லெட்டைக் கொடுத்து, மாற்றிக்கொள்ள வேண்டும் என்றேன்.

"என்ன பிரச்சினை அங்கிள்?" என்று இந்தியில் கேட்டான்.

"ரொம்ப அமைதியா இருக்கு."

பையன் என் கண்ணைப் பார்த்தான். அது ஷிஃப்ட் பார்த்த சிவப்பு. அவன் வேறு ஏதோ நினைத்தான்.

"சத்தம் போடற கம்ப்யூட்டர் காட்டு" என்றேன்.

"எல்லாரும் சத்தம் கம்மியா இருக்கறதைத்தான் கேப்பாங்க அங்கிள்!"

"அவங்க பாடறவங்க இல்லை."

அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். வரிசையாக இருந்த லேப்டாப்களில் ஓம்கார் பெரிய பெரிய கேமைப் போட்டு ஃபேனை ஓடவிட்டான். நானும் விஜயாவும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் குனிந்து காதை வைத்தோம். நான் "ம்ம்ம்" என்றேன். அவள் "இல்லை" என்று அடுத்ததற்கு நகர்ந்தாள். டிவி பார்க்க வந்த குடும்பம் எங்களைப் பார்த்தது.

மூலையில் ஒரு டிஸ்ப்ளே பீஸ். விஜயா காதை வைத்தாள். நிமிரவில்லை. கையை மட்டும் தூக்கினாள்.

"ம்ம்ம்" என்றேன். சாட்சாத் கம்ப்ரஸர்!

"ஆன்ட்டி, உஸ்கா ஃபேன் கராப் ஹை" என்று பதறினான் ஓம்கார். கெட்டுப்போன ஃபேனாம்.

"கராப் ஹீ சாஹியே" என்றாள் விஜயா. கெட்டதுதான் வேண்டுமாம். என்னையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்திருப்பாளோ என்று தோன்றியது, பில் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை பாடினேன். ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் பின்பாட்டுக்காரர் போய்விட்டார். ஃபேன் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, டேப்லெட்டா கம்ப்யூட்டரா என்று சண்டை போட்ட அத்தனை வீடியோவையும் சத்தமில்லாமல் ஒன்றாக ஓடவிட்டேன். பல்லவி நிக்டி. சரணமும் நிக்டி.

அனுப்பி வைத்த பாட்டைக் கேட்டுவிட்டு மதியம் முத்துப்பாண்டி அண்ணன் போன் பண்ணினார்.

"தம்பி, பிரமாதம்யா! நாளைக்கு முதல் பாட்டு இதான். ஆமா, பின்னாடி தம்பூரா யாரு? விடாம, ஒரே சீரா, என்ன கை! மைக்குல பேர் சொல்லணும்ல?"

விஜயா பேரைக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.