தேதி கேட்ட கதை

கப்பல்காரன் பெண்டாட்டிக்குப் பொறுமை அதிகம் என்று எங்கள் தூத்துக்குடியில் சொல்வார்கள். என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

அப்போது ஒரு சரக்குக் கம்பெனியில் எல்லாத் திட்டங்களுக்கும் நான்தான் தலைவி. புதுப் பதவி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் யார்டு, மீனுக்குக் குளிர்பதனக் கிடங்கு, கூரையில் சோலார், போதாததற்கு ஒரு சாஃப்ட்வேர். நான்கும் ஒரே நேரத்தில், நான்கும் தாமதம். (கொதிக்கிற நான்கு உலைக்கு ஒரே கரண்டி, அது நான்.) கப்பலில் இன்ஜினியராக இருக்கும் என் கணவர் லூர்தும் தாமதம்தான். ஆனால் அவரை எந்த மீட்டிங்கிலும் கேள்வி கேட்க முடியாது.

அன்று சேர்மன் சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். நான்கில் ஒன்றை நிறுத்தப்போவதாகப் பேச்சு. யார்டு மேனேஜர் செல்வின், "மழை சார், லாரி வரல சார்" என்று இழுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. லூர்து! ஒரு வாரமாகச் சத்தமே இல்லாத மனுஷன். இனி சேர்மனாவது யார்டாவது! மைக்கை அணைத்துவிட்டு (அணைத்தது கேமராவை என்பது பிறகுதான் தெரிந்தது) போனைக் காதில் வைத்தேன்.

"ஏளா, எனக்குப் பதிலா ஆளு கிடைக்கலியாம். ஊருக்கு வர இன்னும் ரெண்டு மாசம் ஆவும்ங்கான்."

வெடித்துவிட்டேன். "எத்தன தடவ இதே கதய சொல்லுவிய? போன மாசம் கேட்டா இந்த மாசம், இந்த மாசம் கேட்டா அடுத்த மாசம். எனக்குத் தேதி வேணும், இப்பவே!"

லேப்டாப்பில் செல்வினின் குரல் நடுங்கியது. "கோவப்படாதிய மேடம். மாசக் கடைசிக்குள்ள யார்ட முடிச்சிருதேன்."

அடுத்த நொடி குளிர்பதனக் கிடங்கும் ஒரு தேதி சொன்னது. பரவாயில்லையே, திருந்திவிட்டார்கள் என்று நினைத்தேனே தவிர, ஏன் திருந்தினார்கள் என்று யோசிக்கவில்லை.

"ஒங்க தலகாணிய கெட்டிப் புடிச்சே படுத்து எனக்குக் கழுத்து புடிச்சிட்டு. வந்துருங்க, ராசா."

லேப்டாப்பில் சேர்மன் மெதுவாகக் கேட்டார்: "மேடம், இது எந்த ப்ராஜெக்ட்?"

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

"வீட்டுக்காரர், சார்."

அவர் சிரிக்கவில்லை. "எப்ப வர்றார்?"

நான்கு திட்டத்தின் தேதிகளையும் தூக்கத்தில் ஒப்பிக்கிற நான் சொன்னேன்: "தெரியல சார்."

"நீங்க பேசி முடிங்க. நாங்க காத்திருக்கோம்."

போனைப் பார்த்தேன். லைன் எப்போதோ போயிருந்தது.

எந்தத் திட்டமும் நிற்கவில்லை. யார்டு சொன்ன தேதிக்குத் திறந்தது. லூர்து அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் வந்தார். அதற்குள் செல்வின் புண்ணியத்தில் தலகாணி வரை ஊருக்கே தெரிந்திருந்தது.

இப்போதும் அவர் கடலில்தான். போன் அடித்தால் போதும், மகளிலிருந்து மாமியார் வரை "மியூட்ட பாரு!" என்று வீடே கத்தும். நான் போனை எடுத்து, அந்தக் கூச்சல் அடங்கும்வரை பேசாமல் இருப்பேன். "ஏளா, இருக்கியா? இருக்கியா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

கேட்கட்டும். கொஞ்சம் அவரும் காத்திருந்து பார்க்கட்டுமே.